ஒரு மக் தண்ணீர்

நட்டு அசையவில்லை.

ஓஸ்வால்ட் முதலில் அதனிடம் நயமாகத்தான் கேட்டுப் பார்த்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார். அப்புறம் ஸ்பானரின் வாலில் இரண்டடி இரும்புக் குழாயைச் சொருகி, சுவரில் காலை ஊன்றி இழுத்தார். ஸ்பானர் வழுக்கியது. நட்டின் ஆறு முனைகளில் இரண்டு மழுங்கின. அவர் முழங்கை தரையில் இடித்துத் தோல் வழன்றது.

"இது நட்டு இல்ல, என் மாமியாரு," என்றாள் சரசு. "ஒரு இஞ்ச் நவராது."

வண்டி அவளுடையது. மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன். காலையில் தொம்மலூரில் பதினான்கு பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மர்பி டவுனுக்கு, இந்த ஷெட்டுக்கு வந்திருந்தாள். முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு வாரமாகக் கடக் கடக்கென்று சத்தம். சக்கரத்தைக் கீழிருந்து தாங்குகிற பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால், அதைக் கவ்விப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்ற வேண்டும். போன வருஷ மழையில் வண்டி இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. அன்றிலிருந்து போல்ட்டும் நட்டும் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

யாமினி சற்றுத் தள்ளி மேஜையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அவளுக்கு இங்கே வேலை. வண்டி வந்தால் கார்டு எழுத வேண்டும், உதிரிச் சாமான்களை வரவழைக்க வேண்டும், வேலை முடிந்ததும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டையும் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுக்கும். கோடு போடாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி சுதீர் வைத்த சட்டம். அவர் காலையில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலையா என்று அம்மா கேட்பதுண்டு. யாமினிக்குப் பிடித்திருந்தது. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. வேலையை வாங்கித் தந்தவர் ஓஸ்வால்ட். தங்கவயலில் அவர் வீடும் யாமினியின் வீடும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லைனில் இருந்தன. அப்பா போன பிறகு அவளையும் அம்மாவையும் இங்கே தன் தங்கை வீட்டு மாடியில் குடிவைத்தவரும் அவர்தான்.

"டைம் இன்னா?" என்று ஓஸ்வால்ட் வண்டிக்கு அடியிலிருந்து கேட்டார்.

"பன்னண்டே முக்கால்," என்றாள் சரசு. "மூணே காலுக்கு நான் ஸ்கூல் கேட்டாண்ட நிக்கணும். இந்த மாசம் ரெண்டு வாட்டி லேட்டு. மூணாவது வாட்டி ஆச்சுன்னா ரூட்ட வேற வண்டிக்குக் குடுத்துருவேன்னு அந்த இன்சார்ஜ் அம்மா சொல்லிட்டா. வெளையாடாத ஓஸ்வால்டு."

"சரி. தண்ணி ஊத்தற கேசுதான் இது."

"அத மொதல்லயே ஊத்தறதுக்கு இன்னா? காலையிலேந்து மாவாட்டிக்கினு கீற."

"எல்லாத்துக்கும் ஊத்தக் கூடாது. வேற வழியே இல்லாததுக்குத்தான்."

"நீ ஊத்திக்காம இருந்தா சரி."

"நான் கர்த்தருக்கு வாக்குக் குடுத்து ஆறு வருஷம் ஆவுது. வாய மூடிக்கினு டீயக் குடி."

ஓஸ்வால்டின் தண்ணி அந்தப் பக்கத்தில் பேர்பெற்றது. அல்சூர் வரை உள்ள ஷெட்டுகளில் எங்காவது ஒரு நட்டு உயிரை வாங்கினால் அவருக்குத்தான் ஃபோன் வரும். அவர் போவார், கேஸ் டார்ச்சை வாங்குவார், குளிக்கிற மக்கில் தண்ணீர் கேட்பார். பத்து நிமிஷத்தில் நட்டு கையில் இருக்கும். இதற்காக யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. பிரியாணி கொடுத்தால் சாப்பிடுவார்.

பிரேக் குழாயின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றினார். டார்ச்சைப் பற்றவைத்து நீலச் சுடரை நட்டின் மேல் காட்டினார். துரு கறுத்தது. கொஞ்ச நேரத்தில் நட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு எழுந்து வந்தது. பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்ததும் சுடரை விலக்கி மக்கைக் கவிழ்த்தார். சுர்ரென்று ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்தது. மறுபடி சுடர். மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஸ்பானரை வைத்தார். உள்ளே ஏதோ முறுகி, விட்டுக்கொடுத்தது. நட்டு சுற்றத் தொடங்கியது.

"ஐயோ, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் ஓஸ்வால்டு," என்று சரசு கைதட்டினாள்.

போல்ட்டை உளி வைத்துத் தட்டி வெளியே எடுத்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது நட்டு ஒன்றை அதில் விரலாலேயே ஓட்டினார். தடையில்லாமல் ஓடியது.

"மரை ஒண்ணும் ஆவல. இதையே போட்டுடலாம்."

யாமினி மேஜையை விட்டு வந்தாள். போல்ட்டின் தண்டு கருநீலமாக மாறியிருந்தது. தலையில் 10.9 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.

"அங்கிள்."

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. அவர் காதைத் திருப்பினார். "இன்னாம்மா?"

"அந்த போல்ட்டு."

"போல்ட்டுக்கு இன்னா?"

"புதுசு போட்டா... ஜே.சி. ரோட்ல கெடைக்கும்."

"ஜே.சி. ரோடு போயிட்டு வர்றதுக்கு ரெண்டு அவர் ஆவும். இவ பசங்கள எப்படி ஏத்தறது? மரைய பாரு, வெண்ணெ மாதிரி ஓடுது. ஏன், உன் கண்ணுக்கு எதுனா தெரியுதா?"

அவர் உண்மையாகவே கேட்டார். முழங்கையிலிருந்து ரத்தம் கசிந்து மணிக்கட்டுவரை வந்திருந்தது. சரசுவும் டீ கிளாஸை இறக்கிவிட்டு அவளையே பார்த்தாள். இரண்டு பேருடைய பார்வையும் தன்மேல் நிற்பதை யாமினியால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல அங்கிள்."

இரண்டு மணிக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. யாமினி குனிந்து, பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்துக் கோடு போட்டாள். கை நடுங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. கோடு நேராக விழுந்தது. கார்டில் கையெழுத்துப் போட்டாள். இரண்டே காலுக்குச் சரசு ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஒரு சோதனை செய்திருந்தார்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று தையல் ஊசிகள். முதலாவதை அப்படியே விட்டார்கள். இரண்டாவதைச் சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட்டார்கள். அது ஈயக் கம்பிபோல வளைந்தது. மூன்றாவதைச் சிவக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் போட்டார்கள். யாமினி அதை இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்தினாள். வேகாத சேமியாபோல ஒடிந்தது. பார்க்க மூன்றும் ஊசிகள்தான்.

வேனின் போல்ட் இதில் எந்த ஊசி? மூன்று முறை சூடு, மூன்று முறை தண்ணீர். நட்டு சிவந்தது கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே போல்ட் எவ்வளவு சிவந்ததென்று தெரியாது. எவ்வளவு வேகமாக ஆறியதென்றும் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே ஆகாமலிருக்கலாம். தலையில் இருந்த எண், அதைச் செய்தவர்கள் கொடுத்த வாக்கு. இந்த எடை வரைக்கும் தாங்கும், இதற்கு மேல்தான் கைவிடும் என்று. அந்த வாக்கை நெருப்பு அழித்துவிட்டது, எண் மட்டும் மிச்சமிருந்தது. அந்த போல்ட் ஒடிந்தால் பால் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும், சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். தொம்மலூரிலிருந்து மர்பி டவுன் வரும் வழியில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் நிறுத்திக்கொண்டாள்.

சரசுவுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது எமனே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்று சரசு எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பது.

ஓஸ்வால்ட் வேறொரு காருக்கு அடியில் இருந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. யாமினி அந்தக் கால்களின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்கிள், நான் தொம்மலூர் வரைக்கும் போயிட்டு வரேன்."

"இன்னாத்துக்கு?"

"சரசக்கா..."

"எதுனா உட்டுட்டுப் போயிட்டாளா?"

"ஆமா," என்றாள்.

ஆட்டோ கிடைத்தது. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று திரும்பிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏன் மாடோது மேடம், என்ன பண்றது, பறந்தா போக முடியும்?" என்று அவளாகக் கேட்பதற்கு முன்பே சொன்னார். இந்திராநகரில் மறுபடி நின்றது. மூன்று இருபதுக்குத் தொம்மலூர் சிக்னலுக்கு ஒரு ஃபர்லாங் இருக்கும்போது இறங்கி ஓடினாள். ஓடி எத்தனை வருஷமாயிற்று. செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. சரசுவினுடையது மூன்றாவது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாமே, செருப்பக் கையில வச்சுக்கினு ஓடியாந்துகினு கீற?" சரசு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "யார அடிக்கப் போற? ஓஸ்வால்டுக்கு எதுனா ஆயிடுச்சா?"

"வண்டிய எடுக்காதீங்க அக்கா."

பின்னால் இருந்த வேன் ஹாரன் அடித்தது.

"இன்னா?"

"அந்த போல்ட்டு சரியில்ல."

"காதுல உழல. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொல்ல வரவில்லை. முன்னால் நின்ற வேன் கிளம்பிவிட்டது. சரசு கியரைப் போட்டாள். யாமினி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவிக்கொண்டாள்.

எஞ்சின் நின்றது. முன்சீட்டுச் சிறுமி ஒருத்தி, "ஆன்ட்டி, சாவியத் திருடிட்டாங்க!" என்று அலறினாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தத் தொடங்கின.

சரசு இறங்கி வந்தாள். "ஏய். குடு."

"மாட்டேன்."

"பைத்தியமா நீ? குடுன்றன்."

யாமினி சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற வேன்களிலிருந்து டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். கேட்டுக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தோடு அந்த இன்சார்ஜ் அம்மா வந்தாள். "ஏனாயித்து சரசு? காடி தெகி, வண்டிய எடு, டிராஃபிக் ஆகுது," என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள்.

"ஓஸ்வால்டு மாட்டின போல்ட்டு சரியில்லையாம், மகாராணி ஓடியாந்து சொல்றா." சரசு யாமினியின் பக்கம் திரும்பினாள். "உன் கையாலதான கோடு போட்ட? என் கண்ணு முன்னால போட்ட. அப்ப வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சுக்கினு இருந்த?"

"போட்டேன்," என்றாள் யாமினி. குரல் எங்கிருந்தோ வந்தது. அவளுக்கே அது பெரிதாகக் கேட்டது. "நான் போட்டது தப்பு. அப்பவே தெரியும். தெரிஞ்சே போட்டேன்."

சரசு குனிந்து இடது சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் நெரிந்துகொண்டிருந்த முகங்களைப் பார்த்தாள்.

"ஒடஞ்சிருமா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"ஒடையாமயும் இருக்கலாம். ஆனா ஒடையாதுன்னு என்னால சொல்ல முடியல அக்கா."

டிரைவர்களில் ஒருவர் சிரித்தார். "ஓஸ்வால்டு கழட்டினதையா சொல்ற? அவரு கை பட்டா லாரியே பேசும். சின்னப் பொண்ணு பேச்சக் கேட்டுக்கினு..."

"நீ சும்னிரு," என்றாள் சரசு அவரிடம். வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். "எல்லாரும் எறங்குங்க. பேகு, பாட்டிலு எதையும் உடாத. அஞ்சு பேரு அந்த அங்கிள் வண்டில, அஞ்சு பேரு இந்தாண்ட. மடியில குந்திக்கோ. மிச்சம் நாலு பேரு என்கூட ஆட்டோல."

நோட்டு வைத்திருந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினாள். சரசு அதைப் பார்த்தாள். கடைசிக் குழந்தையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு யாமினியிடம் வந்தாள்.

"என் ரூட்டு போச்சுன்னா, உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன். சோறு நீதான் போடணும்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எல்லா வேன்களும் போன பிறகு யாமினி ஓஸ்வால்டுக்கு ஃபோன் போட்டாள். "புது போல்ட்டு வேணும் அங்கிள். நான் வண்டிய நிறுத்திட்டேன்." மறுபக்கம் கம்ப்ரஸர் ஓடுவது கேட்டது. "சரி," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

ஜே.சி. ரோடு போய் வாங்கிக்கொண்டு அவர் வந்தபோது ஐந்தரை. பைக்கை நிறுத்தினார், ஜாக்கி போட்டார், தெருவிலேயே சாக்கை விரித்துப் படுத்தார். சரசு திரும்பி வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய போல்ட் சுலபமாகக் கழன்றது. அதைத் துடைத்து யாமினியின் உள்ளங்கையில் வைத்தார்.

"பாரு. நல்லாப் பாத்துக்கோ. கீறல் இருக்குதா?"

இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். முழுசாக, கனமாக இருந்தது.

"வளைஞ்சிருக்குதா?"

"இல்ல அங்கிள்."

"அப்புறம்?"

ஊசியைப் பற்றி இந்த இடத்தில் எப்படிச் சொல்வது.

"முப்பது வருஷமா இந்த ஏரியாவுல வேல செய்றேன். இன்னிக்கி அத்தினி டிரைவரு முன்னால, ஓஸ்வால்டு போட்டது சரியில்லன்னு நடு ரோட்ல சொல்லிருக்க. என்னாண்ட சொல்லிருக்கலாமே. காருக்கு அடியிலதான படுத்துக்கினு இருந்தேன். நான் இன்னா கடிச்சிருவனா உன்ன?"

இதுதான் அவளை நெடுநேரம் குடைந்தது. அவர் கடித்திருக்க மாட்டார்.

புது போல்ட்டை மாட்டி அவரே நட்டை முறுக்கினார். மஞ்சள் டப்பா கொண்டுவரவில்லை. சரசு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஓஸ்வால்ட் பைக்கைக் கிளப்பி, "ஏறு," என்றார்.

ஷெட்டை அடைந்தபோது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அம்மாவிடம் என்ன சொல்வது, மாடி வீட்டில் இனி எப்படி இருப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் ஷட்டரைத் தூக்கி லைட்டைப் போட்டார்.

"அந்த போல்ட்ட எடு."

அதை வாங்கி, மேஜை ஓரத்து இரும்புப் பிடியான வைஸில் பாதி தண்டு வெளியே நீட்டியிருக்கும்படி கவ்வக் கொடுத்து முறுக்கினார். பெரிய சுத்தியலை எடுத்தார்.

"உன் கண்ணு முன்னாலயே அடிக்கறேன். வளையும். ஒடியாது. பாத்துட்டு நாளைக்கி அந்த டிரைவருங்களாண்ட போய்ச் சொல்லணும், ஓஸ்வால்டு போல்ட்டு வளைஞ்சுதுன்னு. சரியா?"

"சொல்றேன் அங்கிள்."

வளைய வேண்டும் என்றே அவள் நினைத்தாள். அவ்வளவு பேர் முன்னால் போய்த் தலைகுனிந்து நிற்பதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

முதல் அடியில் போல்ட் மணிபோல ஒலித்தது. இரண்டாவதில் ஒடிந்தது. தலைப் பக்கம் பறந்து சுவரில் மோதி எங்கோ விழுந்தது.

ஓஸ்வால்ட் மண்டியிட்டு டயர்களுக்கு நடுவே துழாவி அந்தத் துண்டை எடுத்தார். ஒடிந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் பொடிப் பொடியாக மினுங்கியது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பழைய இரும்பு டப்பாவைக் கவிழ்த்து, அதே அளவில், டார்ச் படாத போல்ட் ஒன்றைத் தேடி எடுத்தார். வைஸில் மாட்டி அடித்தார். அது கொஞ்சம் வளைந்தது. மறுபடி அடித்தார். இன்னும் வளைந்தது. அவர் நிறுத்தவில்லை. அது எல்-போல மடங்கிய பிறகும் ஒடியவில்லை.

சுத்தியலைக் கீழே வைத்தார்.

யாமினி ஊசிச் சோதனையைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சரியாகச் சொன்னோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"சின்னப்பா ஆம்புலன்சு," என்றார் ஓஸ்வால்ட்.

"என்ன அங்கிள்?"

"தீவாளிக்கு முன்னால. வலது பக்கம். அதுக்கும் தண்ணி ஊத்தினேன்." டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "தொம்மலூர்ல அந்தப் பால் வண்டி. ஆராவமுதன் சாரோட காரு, அவரு வூட்டம்மா பாகீரதி ஓட்டுவாங்களே. அல்சூர் ஷெட்ல ஒரு டெம்போ. இன்னொண்ணு, இன்னொண்ணு..." கைவிரல்களை மடக்கிக்கொண்டே போனவர் நடுவில் விட்டுவிட்டார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து ஒரே ஒரு போல்ட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போய் கார்டுப் பெட்டியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். கீழே எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. தண்ணீர் ஊற்றியதை யாரும் கார்டில் எழுதுவதில்லை. எந்த வேலைக்கு ஊற்றியிருப்பார் என்று அவள் ஒவ்வொன்றாகக் காட்ட, அவர் ஆம் அல்லது இல்லை என்று தலையசைத்தார். ஆம் என்றவற்றைத் தனியாக வைத்தாள். சரசுவுடையது போக ஒன்பது சேர்ந்தது.

"எட்டு மாசத்துக்குத்தான் கார்டு இருக்கு அங்கிள்."

"தெரியும்."

அதற்கு முந்திய வருஷங்களுக்கு ஒரு காகிதமும் இல்லை.

ஓஸ்வால்ட் தன் ஃபோனை எடுத்தார். எண்ணெய்க் கையால் திரையில் தேய்த்து எண்ணைப் போட்டார். ஸ்பீக்கரில் சைரன் சத்தம் முதலில் வந்தது, அதற்குள்ளிருந்து சின்னப்பாவின் குரல்.

"சொல்லு குரு. பேஷண்ட் கீறாரு, சீக்கிரம் சொல்லு."

"எங்க கீற?"

"பொம்மனஹள்ளி தாண்டிட்டேன். ஓசூர்லேந்து ஹார்ட்டு கேசு. இன்னா விஷயம்?"

நிறுத்து என்று சொல்ல முடியாது. நிறுத்தாதே என்றும் சொல்ல முடியாது. ஓஸ்வால்ட் யாமினியைப் பார்த்தார். காலையில் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததுபோலவே, உண்மையாகவே கேட்கிற பார்வை.

"இன்னும் எத்தனை கிலோமீட்டர்னு கேளுங்க," என்றாள் அவள் மெல்ல.

"ஆஸ்பத்திரி இன்னும் எத்தினி கிலோமீட்டர் சின்னப்பா?"

"ஆறு. ஏன்?"

"மேடு பள்ளத்துல ஏத்தி அடிக்காத. பிரேக்கர்ல நல்லா மெதுவா ஏத்தி எறக்கு. வலது வீலு. பேஷண்ட எறக்கிட்டு அங்கயே நில்லு, வண்டிய நவுத்தாத. நான் வரேன்."

"வலது வீலுக்கு இன்னா? நீதான குரு மாட்டிக் குடுத்த?"

"நான்தான். வந்து சொல்றேன். மெதுவாப் போ."

ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தார். பையில் ஜாக்கியைத் திணித்தார். அந்த ஆம்புலன்சுக்குப் புது போல்ட் இந்த நேரத்தில் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்தால் போதும் என்றார். வாசலில் திரும்பினார்.

"மிச்சத்துக்கு நீ ஃபோன் போடு."

"நானா? நான் என்ன சொல்றது அங்கிள்?"

"சரசுவாண்ட இன்னா சொன்னியோ அத. ஓஸ்வால்டு தப்பா செஞ்சுட்டாருன்னு சொல்லு. என் பேரச் சொல்லியே சொல்லு, அப்பதான் நிறுத்துவாங்க."

"கோடு போட்டது நான்."

"அதையும் சொல்லு," என்றார். பைக் கிளம்பிச் சந்து திரும்பியது.

யாமினி மேஜையின் முன் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் போக எட்டு கார்டுகள். மேலே இருந்தது பால் வண்டி. அது விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பிவிடும். எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார்.

"வணக்கம், மர்பி டவுன் ஷெட்லேந்து யாமினி பேசறேன், உங்க வண்டி விஷயமா..."

"இன்சூரன்ஸ்லாம் வேணாம்மா," என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் மறுபடி போட்டாள்.